புதுப்பிப்பு: பிரசோனிசி போய் வந்தாச்சு

கிரீஸ் நாட்டின் ரோட்ஸ் தீவின் தெற்கு முனையிலுள்ள பிரசோனிசிக் கடற்கரைக்குக் குழந்தைகளோடு ஜூலையில் போகலாமா, காற்று தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, போய் வந்துவிட்டோம். தாராளமாகப் போங்கள், ஆனால் குடையை நம்பாதீர்கள். ரோட்ஸ் நகரிலிருந்து காரில் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், காலையிலேயே கிளம்பினோம்.

எதிரே ஒரு குட்டித்தீவு, நடுவே மணல்திட்டு. குளிர்காலத்தில் தண்ணீர் ஏறினால் அது மூழ்கிவிடும், கோடையில் நடந்தே போகலாம். மேற்கே ஏஜியன் கடல் பக்கம் அலை சீறுகிறது. திட்டைத் தாண்டிக் கிழக்கே வந்தால் அதே காற்றுதான், தண்ணீர் மட்டும் குளம் மாதிரி கிடக்கிறது. விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றோடு நீர்மேல் ஓடும் விளையாட்டு) புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் சரி, என் மூத்தவள் அங்கேதான் முதல்முறை பலகையில் எழுந்து நின்றாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது!

காற்றின் பெயர் மெல்டெமி. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பக்கம் காற்றழுத்தம் அதிகம், துருக்கிப் பக்கம் குறைவு, இரண்டுக்கும் நடுவே கோடை முழுக்க வடக்கிலிருந்து வீசும். மதியத்துக்கு அப்புறம் மணல் காலில் ஊசியாகக் குத்தும். சின்னவனுக்குக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வேண்டியிருந்தது.