புதுப்பிப்பு: கிண்டி சிவிலா, தனியார் கம்ப்யூட்டரா?

போன வாரம் கேட்டிருந்தேனே, மகளுக்கு ஒரு நிகர்நிலைப் பல்கலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ், கவுன்சிலிங்கில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில், எதை எடுப்பது என்று. கிண்டிதான்.

'சிவிலுக்கு வேலை ஏது' என்று பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்தப் பயம்தான். சனிக்கிழமை நேரில் அழைத்துப் போனேன். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி இது என்றதும், "அளக்கிற வேலைதான் எனக்குப் பிடிக்கும்பா" என்றாள். நான்கு வருடக் கட்டண வித்தியாசத்தை என் மனைவி காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்தபின் நானும் அதிகம் பேசவில்லை.

ஒதுக்கீட்டை உறுதிசெய்தாயிற்று. தனியாரில் கட்டிய முன்பணம்தான் இன்னும் திரும்பவில்லை. நல்லவேளை, மாற்றுச் சான்றிதழை அங்கே கொடுக்கவில்லை.