புதுப்பிப்பு: பிரிண்டர் வாங்கியாச்சு

படம், ஆவணம் இரண்டுக்கும் லேசரா இங்க்ஜெட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் இங்க் டேங்க் வகைதான் (தொட்டியில் மை ஊற்றிக்கொள்ளும் இங்க்ஜெட்). லேசரில் எழுத்து பிரமாதம். ஆனால் படத்தில் முகத்தின் நிறம் தட்டையாகிவிடுகிறது. இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளையும் லேசரில் போடக்கூடாது, அதன் சூட்டில் தாளின் பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் சொன்னபடி கருப்பு பிக்மென்ட் மை (நுண்துகள் கலந்தது), வண்ணங்கள் டை மை (சாயம் கரைந்தது) என்று இருக்கும் மாடலாகப் பார்த்தேன். ஈர விரல் பட்டாலும் எழுத்து கலைவதில்லை. படம் அச்சிடும்போது பிரிண்டர் அமைப்பில் (settings) தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணத் தாள் என்றே விட்டால் நல்ல தாளிலும் நிறம் சொதப்பல்தான். 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல் போதும்.

மை உலராமலிருக்க வாரம் ஒரு வண்ணப் பக்கம் எடுக்கிறேன். அப்புறம், கழிவு மைப் பெட்டியை (முனையைச் சுத்தம் செய்யும்போது வீணாகும் மை சேரும் பெட்டி) நாமே மாற்றலாமா என்று கேட்டவருக்கு: இந்த மாடலில் மாற்றலாம்.