கிரவுண்ட் லூப்: ‘தொடுப்பு வளையம்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கிரவுண்ட் லூப் என்பது ஆடியோ கருவிகளின் எர்த் இரண்டு வழியாக இணைந்து வளையமாகி ஸ்பீக்கரில் ஒலியைக் கிளப்பும் கோளாறு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன்: நிலக்கண்ணி, புவிமடக்கு, புவி இரைச்சல். மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்லும் முன், போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்வைக்கும் சொல் அங்கேதான் கிடைத்தது.

செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்த நாள் முதல் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஒலி. பாட்டு ஓடும்போது தெரியாது. ஆலாபனை முடிந்து பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் வந்து நிற்கும். வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியது. அப்படியென்றால் பெரும்பாலும் கோளாறு உள்ளே வரும் வயர்களில்தான். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். லேப்டாப் வயரைக் கழற்றினேன், மாற்றமில்லை. செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் சட்டென்று அடங்கிவிட்டது. மறுபடி திருகினேன், மறுபடி ‘ம்ம்ம்’.

எங்கள் கட்டடத்துக்கு வரும் எலக்ட்ரீஷியன் கோலார் தங்கவயல்காரர். கேட்டதும் சொன்னார்: “எர்த் ரெண்டு வழியா வந்து வளையமா சுத்துது சார். வளையத்தை அறுங்க, எர்த்தை அறுத்துடாதீங்க.” சொல்லிவிட்டு விரலால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது பின்னில், அதாவது எர்த் பின்னில் தொடங்கி, சுவருக்குள் இறங்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் எர்த் குழிக்கு. அங்கிருந்து மண் வழியாகத் தெருக் கம்பத்துக்கு. கம்பத்திலிருந்து கேபிள் வயரின் வெளிப்பின்னல் வழியாக மொட்டை மாடி, ஜன்னல், செட்டாப் பாக்ஸ். அப்புறம் ஆடியோ வயரின் வெளிப்பின்னல் வழியாக மறுபடி ஆம்ப்ளிஃபயர். வீட்டளவு பெரிய வளையம் ஒன்று நான் பாட்டுக் கேட்கும் நாற்காலியைச் சுற்றி இருந்திருக்கிறது.

இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால் போதும், அந்த வளையத்தில் மின்சாரம் ஓடும். வீட்டுக் கருவிகளின் ஆடியோ சிக்னலே ஏறக்குறைய 0.3 வோல்ட்தான். அதில் ஒரு மில்லிவோல்ட் கலந்தாலே அமைதியான அறையில் காதுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். நிலக்கண்ணி அழகான சொல்தான், ஆனால் கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது. செய்தி படிப்பவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மடக்கு என்பதை நிரல் எழுதுபவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டெசிபல் பேசும் இடத்தில் மடக்கையும் (லாகரிதம்) வரும், குழம்பிப்போகும்.

புவி இரைச்சலைத்தான் நான் உறுதியாக எதிர்க்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்கும் புதியவர் என்ன நினைப்பார்? இரைச்சலுக்குக் காரணம் புவி, அதாவது எர்த் என்று நினைப்பார். உடனே பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றுவார். ஒலியும் நின்றுவிடும், தான் செய்தது சரி என்றும் நம்புவார். நாளைக்கு ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் மின்காப்பு (இன்சுலேஷன்) கெட்டு 230 வோல்ட் உலோகப் பெட்டிக்கு வந்தால், அதைத் தொடுகிற குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது. இந்தக் குழுவிலேயே பின்னைக் கழற்றலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

தமிழ்த் தொகைச்சொல்லில் பொருளின் கனம் கடைசிச் சொல்லில் நிற்கும். எர்த் இணைப்பைப் புவித்தொடுப்பு என்போம், கடைசியில் வளையம் வரட்டும்: ‘புவித்தொடுப்பு வளையம்’, சுருக்கமாகத் ‘தொடுப்பு வளையம்’. அறுக்க வேண்டியது எது என்று சொல்லே காட்டிவிடும். இது உவமையும் இல்லை, உண்மையிலேயே பரப்பளவுள்ள வளையம். பரப்பு பெரிதானால் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் அதிகமாக வாங்கும். வயர்களைச் சேர்த்துக் கட்டி ஓட்டுங்கள், எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள் என்று சொல்வது வளையத்தைச் சிறிதாக்கத்தான்.

இன்னொன்று, அறிகுறிக்கும் காரணத்துக்கும் ஒரே பெயர் வேண்டாம். ஒலியை ‘மின்முரல்’ எனலாம். வண்டு முரலும் என்பது பழைய வழக்கு. ஒரே சுதியில் நீளும் ஒலிக்கு இரைச்சலைவிட அதுவே பொருத்தம். தொடுப்பு வளையத்தால் வரும் முரல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், அடித்தொண்டையில் வரும். பவர் சப்ளையில் கெபாசிட்டர் தளர்ந்தால் 100 ஹெர்ட்ஸ், சற்றுக் கரகரப்பாக இருக்கும். ரெக்கார்டு பிளேயரில் கதையே தலைகீழ்: அதன் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டாவிட்டால்தான் முரலும். அங்கே குறை தொடுப்பு இல்லாதது, வளையம் அல்ல. ஒலிக்கும் காரணத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

எலக்ட்ரீஷியன் பேச்சைக் கலைச்சொல்லாக எடுக்கலாமா என்று சிலர் தயங்கலாம். தங்கவயலுக்கு 1902லேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைத் தமிழில் பேசிக்கொண்டே செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வாயில் பழகிய சொல்லை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கேபிள் வயரின் நடுவில் மாட்டும் சிறு ஐசொலேட்டர் ஒன்றை எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்து மாட்டினேன். வீடு இப்போது அமைதி. ஆனால் அதற்கு என்ன பெயர் வைப்பது? சிக்னலை விட்டுவிட்டு எர்த் வழியை மட்டும் துண்டிப்பது அது. ‘வளைய முறிப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. ‘பிரிப்பான்’ மிகப் பொதுவாக இருக்கிறது. வேலைப்பட்டறையில் இதைத் தமிழில் அழைப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.