மறுமொழி: டிராக்கிங் ஃபோர்ஸுக்கு ‘ஊன்றுபளு’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குறைந்த செலவில் இசைத்தட்டுக் கருவிகளைச் சேர்த்து அமைப்பது பற்றிய கையேட்டுக்காக, ‘டிராக்கிங் ஃபோர்ஸ்’ (ஊசி இசைத்தட்டின்மேல் கீழ்நோக்கி ஊன்றும் விசை) என்பதற்குத் தாங்கள் ‘தடத்தொடர் விசை’ என்று முன்மொழிந்திருந்தீர்கள். அடுத்து வந்த மடலில் ‘ஊசியழுத்தம்’ என்றொரு சொல்லும் வந்தது. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.

ஊசியைத் தடத்தைத் தொடரச் செய்வது தட்டில் உள்ள பள்ளத்தின் சுவர்களே. இந்த விசையின் வேலை, ஊசி அந்தச் சுவர்களை விட்டுத் துள்ளிவிடாமல் ஊன்றி நிற்கச் செய்வதுதான். அழுத்தம் என்பதோ இயற்பியலில் ஒரு பரப்பளவின்மேல் விழும் விசை. அதே 2 கிராமை உருண்டை முனை ஊசியிலும் நீள்வட்ட முனை ஊசியிலும் வைத்தால், தொடும் பரப்பு வேறுபடுவதால் அழுத்தமும் வேறுபடும். நாம் பேசும் அளவு மாறாது. எனவே ‘ஊன்றுபளு’ என்று முன்மொழிகிறேன். ஊன்றுகோல் போல இதுவும் வினைத்தொகை; ஒற்று மிகாது.

திருநெல்வேலிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர்களும் பழைய பிளேயர்களைப் பழுது பார்ப்பவர்களும் ‘வெயிட்டு’ என்ற ஒரு சொல்லிலேயே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். அதையே ‘எடை’ என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்னால் திருகிவைக்கும் உருளையும் அவர்களுக்கு ‘வெயிட்டு’தான். கையின் முனையில் ஊசியோடு இருக்கும் ஊசித்தலையின்மேல் ஒரு நாணயத்தை வைத்தால் ஊன்றுபளு கூடும். அதே நாணயத்தைப் பின்னுருளையில் ஒட்டினால் குறையும். ‘வெயிட்டைக் கூட்டுங்கள்’ என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் எதைக் கூட்டுவார்? ஆகவே உருளைக்கு ‘எதிரெடை’, ஊசியின்மேல் விழுவதற்கு ‘ஊன்றுபளு’ என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இப்பிரிவு பணத்தையும் காக்கும். பெட்டி வடிவில் மலிவாக விற்கும் பிளேயர்கள் பலவற்றில் எதிரெடையே இராது. பீங்கான் வகை ஊசித்தலை கூடுதல் ஊன்றுபளுவோடு தட்டை உரசிக்கொண்டிருக்கும், அதைக் குறைக்கவும் வழியில்லை. கையில் உள்ள தொகை சிறிதென்றால், எதிரெடையும் மாற்றத்தக்க காந்த வகை ஊசித்தலையும் உள்ள பழைய பிளேயரைத் தேடுவதே மேல் என்பேன். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ ஊசித்தலைக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை வைக்கலாம், 2.0 என்பது பரிந்துரைத்த அளவு. குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், பளு போதாத ஊசி உரத்த இடங்களில் சுவரை விட்டெழும்பி மீண்டும் மோதும். சகர ஒலிகள் கரகரப்பதோடு பள்ளமும் சேதமாகும்.

ஊன்றுபளுவை அமைத்து அளக்கும் முறையையும் கையேட்டில் அதே பத்தியில் சொல்லிவிடலாம். ஊசி எதையும் தொடாதபடி கை கிடைமட்டமாக மிதக்கும்வரை எதிரெடையைத் திருகி, அதன் எண்வளையத்தைச் சுழியத்தில் நிறுத்தி, பிறகு எதிரெடையையும் வளையத்தையும் சேர்த்து வேண்டிய எண் வரும்வரை திருக வேண்டும். நகைக்கடையில் இருப்பது போன்ற சிறு மின்தராசு இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். தராசுத் தட்டு இரும்பாக இருக்கக் கூடாது, ஊசித்தலையின் காந்தம் அதை இழுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும்.

அலகு பற்றி ஒரு சொல்: விசையைக் கிராமில் சொல்வது இயற்பியலாருக்கு உறுத்தும், 2 கிராம் என்பது ஏறத்தாழ 20 மில்லிநியூட்டன். ‘விசை’ என்னாமல் ‘பளு’ என்றால் அந்த உறுத்தலும் குறையும்.

‘ஆன்டி ஸ்கேட்டிங்’ என்பதற்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. சுழலும் தட்டு கையை மையத்தை நோக்கி இழுப்பதை ஈடுசெய்வதால் ‘உள்ளிழுப்பு ஈடு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். சொல் நீளமாக இருக்கிறது. சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து