கனடாவின் பூர்வகுடி இளைஞர்களோடு வேலைத்தளத்தில்: உங்கள் அனுபவம் என்ன?

மொன்றியலிலிருந்து, மின்னிணைப்பாளர்:

பாலம் திருத்தும் வேலை ஒன்றில் உருக்கு வேலைக்காரர்கள் எங்களுக்கு மேலே நின்றார்கள். அவர்களில் ஒருவன் மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள கானவாகே ஊர்ப் பையன்; மோஹாக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவன். இருபது வயதுகூட இராது. "உங்கள் ஆட்களுக்கு உயரம் என்றால் பயமே இல்லையாமே?" என்று தேநீர் வேளையில் அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். "யார் சொன்னது? ஏணியில் கால் வைக்கும்போதே எனக்கு வயிறு கலங்கும். அப்பா, பெரியப்பா, தாத்தா எல்லோரும் இதே வேலை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது வீட்டிலேயே தெரியும், அவ்வளவுதான்" என்றான்.

அந்தக் கதவு 1886இல் திறந்தது. சென் லோறன்ஸ் ஆற்றின் குறுக்கே ரயில் பாலம் கட்டக் கானவாகே மக்களின் நிலம் தேவைப்பட்டது; அதற்கு ஈடாக ஊரவருக்கு வேலை கொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் இடிந்தது. கானவாகே மட்டும் 33 ஆண்களை இழந்தது. இனி எல்லா ஆண்களும் ஒரே வேலைக்குப் போகக் கூடாது என்று பெண்கள் உறுதியாக நின்றார்கள். ஊர் மயானத்தில் உருக்கு விட்டங்களால் செய்த சிலுவைகள் இருக்கின்றன. ஆனாலும் தொழிலை அவர்கள் விடவில்லை. நியூயோர்க் வரை போய், தொழிற்சங்க அலுவலகத்துக்கு அருகிலேயே புரூக்ளினில் குடியிருந்தார்கள்.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொல்லும் கதவு எல்லாப் பூர்வகுடி ஊர்களிலும் இல்லை. தண்டர் பேக்கு வடக்கேயிருந்து வந்த அனிஷினாபே பூர்வகுடிப் பெண் ஒருத்தி எங்கள் தளத்தில் பயிலுநராக இருந்தாள். ஒன்ராறியோவில் மின்தொழில் பயிற்சிக்கு 9,000 மணிநேரம் வேண்டும். அதில் வகுப்பு 840 மணிநேரம். மணிநேரம் ஏற ஏறச் சம்பளமும் படிப்படியாக ஏறும். சங்கத்தில் இருப்பதால் ஓய்வூதியமும் பல் வைத்தியச் செலவும் உண்டு.

கணக்கில் அவள் கெட்டிக்காரி. இடறியது சாரதி அனுமதிப்பத்திரத்தில். காலை ஏழு மணிக்கு நகருக்கு வெளியே வேலை தொடங்கும். அங்கே பஸ் கிடையாது. முன்பு ஒரு முதலாளி இரண்டு நாள் பிந்தியதற்கே அவளை நிறுத்திவிட்டாராம். எங்கள் சங்கப் பிரதிநிதி பேச்சுக் குறைந்த மனிதர். தன் காரிலேயே ஓட்டப் பழக்கி, பரீட்சைக்கும் கூட்டிப்போனார். அவளுக்கு வாய்த்த பெரியப்பா அவர்தான். பூர்வகுடிகளின் நிலத்துக்கு நன்றி சொல்லும் மேடை உரைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன்; ஒன்றில்கூடக் கார் ஓட்டப் பழக்குவது பற்றி ஒரு வரி வந்ததில்லை.

ஸ்காபறோவிலிருந்து:

அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

ரொறன்ரோவிலிருந்து:

இறுதித் தேர்வில் 70 விழுக்காடு வேண்டும். முதல் தடவை தவறினாள். அடுத்த தடவை தேறிவிட்டாள். போன மாதம் தம்பியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். எந்த அலுவலகத்துக்குப் போவது, யாரைக் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், "காலணி மட்டும் மலிவானதாக வாங்கிவிடாதே" என்றாள்.