வீட்டார் குழு: தம்பி போட்ட கோடு

வியாழன், இரவு 8:41

லண்டன் தம்பி: எல்லாருக்கும் வணக்கம். டிக்கெட் போட்டாயிற்று. வரும் புதன் கொழும்பு, வியாழன் திருகோணமலை. இந்த முறை காட்டுக்குள் ஓடப் போகிறேன்.

தங்கச்சி: யாரும் துரத்துகிறார்களா அண்ணா?

லண்டன் தம்பி: ட்ரெயில் ரன்னிங். தார் ரோட்டை விட்டுவிட்டுக் காட்டுப் பாதை, குளக்கரை என்று ஓடுவது. போன கோடையில் இங்கே வட இங்கிலாந்தில், லேக் டிஸ்ட்ரிக்ட்டில் டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றி ஓடினேன். ஏறத்தாழ 16 கிலோமீற்றர். கரையெல்லாம் மரக்காடு, காலில் தட்டும் வேர்கள். தெற்கு முனையில் சதுப்பு, அதற்கு மேலால் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். களைத்துவிட்டால் வழியில் படகுத்துறைகள் உண்டு, லோஞ்சில் ஏறி கெஸ்விக் ஊருக்குத் திரும்பிவிடலாம்.

பெரியம்மா: படகில் வருவதற்கு எதற்கு மகன் ஓட வேண்டும்?

நிலாவெளி அத்தான்: 😂😂

லண்டன் தம்பி: [படம்] இதுதான் திட்டம். கன்னியாவில் மாமா வீட்டில் தொடங்கி, பற்றைக்காட்டுக்குள்ளால் பெரியகுளம், குளத்தைச் சுற்றித் திரும்பவும் மாமா வீடு. சாட்டலைட் படத்தில் பாதை நல்ல தெளிவாகத் தெரிகிறது. காலை 4:45க்கு நெற்றி லைட்டோடு வெளிக்கிட்டால் வெயில் ஏற முன்பு முடித்துவிடலாம்.

நான்: மாமா பார்க்கட்டும். அதுவரை சப்பாத்தைக் கட்டாதே.

வெள்ளி, காலை 5:52

கன்னியா மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருமகன், நீ சிவப்பில் கீறியிருக்கும் அந்த மெல்லிய கோடு ஆட்கள் போட்ட பாதை இல்லை. யானை போட்ட பாதை.

தங்கச்சி: 😳

கன்னியா மாமா: பகிடி இல்லை. யானை ஒவ்வொரு வருடமும் ஒரே தடத்தில்தான் தண்ணீருக்குப் போகும். மேலிருந்து பார்த்தால் ஒற்றையடிப் பாதை மாதிரி வெள்ளையாகத் தெரியும். நீ அதிலேயே, அது குளத்தில் இருந்து திரும்பும் நேரத்திலேயே, எதிர்த் திசையில் ஓடப் பார்க்கிறாய்.

லண்டன் தம்பி: பார்த்தால் நின்றுவிடலாம்தானே மாமா?

கன்னியா மாமா: பற்றைக்குள் பத்து மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அது மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். நீ எவ்வளவு?

லண்டன் தம்பி: நல்ல நாளில் 11.

நிலாவெளி அத்தான்: கணக்கு முடிந்தது.

கன்னியா மாமா: இன்னொன்று. நடந்து போகிறவன் கதைத்துக்கொண்டு போவான், விறகு வெட்டுகிறவன் சத்தம் போடுவான். ஓடுகிறவன் சத்தமில்லாமல் திடீரென்று முன்னால் போய் நிற்பான். காதில் பாட்டு வேறு. யானைக்குக் கோபம் வருவதை விடப் பயம்தான் முதலில் வரும். பயந்த அலியன், அதுதான் தந்தமில்லாத ஆண் யானை, அதுதான் மோசம்.

லண்டன் தம்பி: அங்கே அதிகம் போனால் செம்மறி ஆடு. பாதைக்குப் பலகை இருக்கும், கேற் இருக்கும், திறந்தால் திரும்பச் சாத்திவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். புல்லுக்குள் போனால் உண்ணி கடிக்கும் என்பார்கள்.

கன்னியா மாமா: உண்ணி இங்கேயும் உண்டு. அதை நாங்கள் ஒரு பிரச்சினையாகச் சொல்வதில்லை.

நான்: மாமா, அப்போ பெரியகுளம் வேண்டாமா? பாவம், ஆசையாகக் கேட்கிறான்.

கன்னியா மாமா: வேண்டாம் என்று யார் சொன்னது? மாதத்தைப் பார். ஆவணி. கச்சான் காற்று அடித்துச் சின்னக் குட்டைகள் எல்லாம் காய்ந்துவிட்டன. தண்ணீர் நிற்கிற இடம் குளம் மட்டும்தான், அதனால் காட்டில் உள்ளது எல்லாம் அங்கேதான் வரும். மாரி மழைக்குப் பிறகு, தை மாசியில் வந்தால் காட்டுக்குள்ளேயே தண்ணீர் கிடக்கும், அதுகள் பரந்து போய்விடும். ஆனால் நீ கோடு கீறிய இடத்தில் பாதி அப்போது குளத்துக்குள் இருக்கும்.

லண்டன் தம்பி: எது?

கன்னியா மாமா: குளத்தின் மேற்குப் பக்கம் திறந்த வெளி என்று நீ நினைத்தது, வற்றிய குளத்தின் அடி. மேலே பொருக்கு, கீழே சேறு. மாடே புதையும்.

[கன்னியா மாமா குரல் பதிவு 2:14]

தங்கச்சி: பஸ்ஸில் நிற்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்கள்.

நான்: எழுதுகிறேன். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, 6:20 போலத்தான் தொடங்க வேண்டுமாம். பற்றைக்குள் இறங்காமல் கிறவல் ரோட்டால் குளக்கட்டுக்குப் போக வேண்டும். கட்டுக்கு மேலே ஏறினால் இரண்டு பக்கமும் தூரத்துக்குத் தெரியும், அதுதான் ஓட நல்ல இடம். துருசு (மதகு) தாண்டி, கட்டு முடியும் இடம்வரை போய், அதே வழியால் திரும்ப வேண்டும். சுற்று வேண்டாம். அலைகரைப் பக்கம், அதாவது கட்டின் தண்ணீர்ப் பக்கம், இறங்கி முகம் கழுவக் கூடாது, முதலை கிடக்கும். ஈரமான யானை லத்தி கண்டால் எத்தனை கிலோமீற்றர் மீதி இருந்தாலும் திரும்புகிறது. மாமா மோட்டார் சைக்கிளில் முன்னால் போவாராம்.

லண்டன் தம்பி: மோட்டார் சைக்கிள் முன்னால் போனால் அது ட்ரெயில் ரன்னிங் இல்லையே 😅 புகைதான் குடிக்க வேண்டும்.

கன்னியா மாமா: 200 மீற்றர் முன்னால் போவேன். ஹோன் அடித்தால் நில்.

நிலாவெளி அத்தான்: கட்டு முடிந்த பிறகு வெல்கம் விகாரைக்கு வந்துவிடுங்கள். நான் வான் வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிற்கிறேன். ஆட்கள் வந்து போகிற இடம். மச்சான் பார்த்ததும் இல்லை. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, அந்தக் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

லண்டன் தம்பி: அது நல்லது. அத்தான், கந்தளாய்க் குளக்கட்டு எப்படி?

நிலாவெளி அத்தான்: அழகு. ஆனால் இங்கிருந்து 40 கிலோமீற்றர், ஓடுவதற்கு முன்பே வானில் ஒரு மணித்தியாலம் போய்விடும்.

பெரியம்மா: கந்தளாய்க் கட்டு 1986 சித்திரையில் உடைந்தது. விடியச்சாமம். நூறு பேருக்கு மேல் போனார்கள். இப்போதும் அந்தக் கட்டைக் கண்டால் எனக்கு ஒரு மாதிரித்தான்.

நான்: 🙏

காலை 9:30

தங்கச்சி: அண்ணா, சனிக்கிழமை என்னோடு ஓடுங்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் ஏற்றம், திரும்பி இறங்கி டச்பே கடற்கரை. யானை இல்லை, மான் மட்டும். கரையில் ஈர மணலில் ஓடினால் கால் புதையாது.

பெரியம்மா: அரைக்காற்சட்டையோடு கோயில் வாசலுக்கா?

தங்கச்சி: வாசலுக்கு முன்பே திரும்பிவிடுவோம் பெரியம்மா. சப்பாத்துக் கழற்றிவைக்கும் இடத்தோடு சரி.

லண்டன் தம்பி: சப்பாத்து என்றதும் ஞாபகம். என்னுடையது சேற்றுக்கானது, அடியில் பெரிய பல். கொண்டு வரவா?

கன்னியா மாமா: இப்போது சேறு எங்கே? கிறவலில் அந்தப் பல் கல்லைக் கொறிக்கும். அடி தடிப்பாக, முள் ஏறாததாகக் கொண்டு வா. நெருஞ்சி சின்னது, பரவாயில்லை. காரை முள் ஏறினால் நொண்டிக்கொண்டுதான் பிளேன் ஏறுவாய். நீளக் காலுறை போடு.

நான்: தண்ணீர் ஒன்றரை லீற்றராவது முதுகில் இருக்க வேண்டும். ஜீவனி பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சத்துத் தூள்) இரண்டு நான் வாங்கி வைக்கிறேன். எட்டு மணிக்குப் பிறகு கச்சான் கிளம்பினால் வியர்வை வந்ததே தெரியாது, காய்ந்துவிடும். லண்டன் உடம்புக்கு முதல் நாள் அது விளங்காது. 1990 அம்புலன்ஸ் நம்பரையும் போனில் போட்டுவை.

லண்டன் தம்பி: சரி அக்கா. மாமா, கடைசியாக ஒன்று. கட்டில் இருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுவரை ஓடிவந்து அங்கேயே குளித்தால்?

கன்னியா மாமா: குளி. ஏழு கிணறும் ஏழு சூடு, வாளியால் அள்ளி ஊற்றலாம். ஆனால் வானில் வா. நடுவில் உள்ள காடுதான் நான் சொன்ன காடு.

லண்டன் தம்பி: புதிய கோடு போட்டுவிட்டேன். [படம்] கிறவல் ரோட்டு, கட்டு, திரும்பி விகாரை. வளைவே இல்லை, சுவர்க்கடிகார முள் மாதிரி நேராக இருக்கிறது.

கன்னியா மாமா: இது சரி. சனி பின்னேரம் நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். லத்தி புதிதாகக் கிடந்தால் ஞாயிறு நிலாவெளிக் கடற்கரை.

நிலாவெளி அத்தான்: அப்படியென்றால் எனக்கு வான் ஓட்டம் மிச்சம்.

பெரியம்மா: சனி இரவு எல்லாருக்கும் இங்கேதான் சாப்பாடு. ஓடுகிறவர்களுக்குப் புட்டு கூடப் போடுவதா, குறைக்கிறதா?

லண்டன் தம்பி: கூட.

தங்கச்சி: கூட!

கன்னியா மாமா: மோட்டார் சைக்கிளுக்கும்.