கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே தூத்துக்குடி மக்ரூன்: ஓடிஜியில் வருமா?

பாளையங்கோட்டைக்காரி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆச்சி வீட்டில் மொத்தக் குடும்பமும் கூடுகிறோம். சித்தி மக்கள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள், அண்ணன் குடும்பம் மஸ்கட்டிலிருந்து வருகிறது. வழக்கமாக முந்தின வாரம் முழுக்க முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து என்று எண்ணெய்ச் சட்டியைச் சுற்றியேதான் உட்கார்ந்திருப்போம். ஆச்சிக்கு இப்போது அடுப்புப் புகை ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ஓவனில் வேகிற பலகாரம் ஒன்றைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்யலாம் என்று நானும் சித்தி மகளும் பேசி வைத்திருக்கிறோம். என்ன வேண்டும் என்று ஆச்சியிடம் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார்கள்: தூத்துக்குடி மக்ரூன். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் சம்பள நாளன்று வாங்கி வருவாராம்.

என்னிடம் 28 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கிற மின்சார ஓவன்) இருக்கிறது. கேக், பிஸ்கட் செய்து பழக்கம். கையில் பிடித்து அடிக்கும் எலெக்ட்ரிக் பீட்டரும் உண்டு. வெள்ளைக்கருவை மட்டும் வைத்து எதுவும் செய்ததில்லை. டிசம்பர் ஈரத்தில் மக்ரூன் மொறுமொறுப்பாக வருமா? எத்தனை நாள் முன்னாலேயே செய்து வைக்கலாம்? 5 வயதிலிருந்து 15 வயது வரை ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேலை கொடுப்பது? மிஞ்சுகிற மஞ்சள் கருவை என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள். ஆம்லெட் வேண்டாம், பண்டிகைக்கு ஏற்ற மாதிரி ஏதாவது.

முத்துநகர்க்காரன்:

தாராளமாக வரும், தங்கச்சி. எங்கள் பெரியம்மா வீட்டில் வருடா வருடம் செய்கிறோம். நாங்கள் செய்கிற கணக்கையே சொல்கிறேன்.

மக்ரூனில் இருப்பது மூன்றே பொருள்: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. ஐரோப்பாவில் பாதாமில் செய்கிற பலகாரம் நம் கடற்கரைக்கு வந்ததும் முந்திரிக்கு மாறிவிட்டது. போர்ச்சுகீசியர் சொல்லிக்கொடுத்தது என்று ஊரில் பேச்சு உண்டு. 1658-இல் டச்சுக்காரர் வந்து பிடிக்கும்வரை தூத்துக்குடி அவர்கள் கையில்தான் இருந்தது. முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான்.

ஒரு தட்டுக்கு 3 முட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாமக்கல் முட்டையில் வெள்ளைக்கரு 30 கிராம் தேறும், ஆக 90 கிராம். சர்க்கரை அதில் இரண்டு மடங்கு, 180 கிராம், மிக்சியில் பொடித்துச் சலித்தது. முந்திரி 110 கிராம். தராசில் நிறுத்தே போடுங்கள். கப் அளவில் முந்திரித் தூள் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி இருக்கும்.

முந்திரிதான் முதல் வேலை, அதை முந்தின நாளே முடித்துவிடலாம். உடைந்த முந்திரி போதும், விலையும் குறைவு. வெயில் இருந்தால் வெயிலில், இல்லையென்றால் ஓடிஜியில் 100 டிகிரியில் 10 நிமிடம் காயவையுங்கள். நிறம் மாறக் கூடாது. நன்றாக ஆறியபிறகு மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும், அந்த எண்ணெய் முட்டை நுரையை அமுக்கிவிடும். ரவை பதத்தில் இருந்தால் போதும். கடித்தால் நாக்கில் முந்திரி தெரிய வேண்டும், மாவாக அரைத்தால் அந்தச் சுகம் போய்விடும்.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரியுங்கள், சில்லென்று இருக்கும்போதுதான் மஞ்சள் உடையாமல் பிரியும். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். துளி மஞ்சள் கலந்தாலும் நுரை சரியாக எழும்பாது. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். எலுமிச்சை மூடியால் உள்ளே ஒரு தடவு தடவித் துடைத்துவிடுங்கள். வெள்ளைக்கரு அரை மணி நேரம் வெளியில் இருந்து சில்லிப்பு போனபிறகு அடிக்க ஆரம்பிக்கலாம்.

முதலில் குறைந்த வேகம். சோப்பு நுரை மாதிரி வந்ததும் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அப்புறம் வேகத்தைக் கூட்டிச் சர்க்கரையை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். ஒரு கரண்டி கரைந்தபிறகே அடுத்தது. இந்த இடத்தில் அவசரமே கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும். சர்க்கரை கரையாமல் விட்டால் வேகும்போது பாகு அடியில் கசியும். பீட்டரைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் பீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, முந்திரித் தூளை மூன்று பங்காகப் போட்டுக் கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிக் கலக்குங்கள். கலந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பிழிவதற்குச் சின்ன நாசில் ஆகாது, முந்திரி அடைத்துக்கொள்ளும். கெட்டியான பிளாஸ்டிக் பையின் முனையை விரல் அகலத்துக்கு வெட்டினால் போதும். பட்டர் பேப்பர் மேல் அழுத்திச் சுற்றி மேலே இழுத்து விடுங்கள், கூம்பாக நிற்கும். இது பரவாது, அதனால் நெருக்கமாகவே பிழியலாம். ஒரு தட்டுக்கு முப்பத்தைந்து, நாற்பது வரும்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். எங்கள் தெரு பேக்கரியில் விறகு அடுப்பு இருந்தது. சாயங்கால ரொட்டி எல்லாம் வெளியே வந்து, சூடு இறங்கினபிறகுதான் மக்ரூன் தட்டு உள்ளே போகும். ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்து, விடிந்ததும் எடுப்பார்கள். அந்த இறங்கு சூட்டை வீட்டில் கொண்டுவர வேண்டும். ஓடிஜியை 100 டிகிரிக்குச் சூடாக்கி, கீழ்த்தட்டில் வைத்து ஒன்றரை மணி நேரம். மக்ரூனுக்கு வேண்டியது உலர்ச்சி, நிறம் இல்லை. தந்த நிறத்திலேயே வெளியே வர வேண்டும். ஓடிஜி முள் காட்டுகிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் பல சமயம் ஒன்றாக இருக்காது. உள்ளே வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது. பழுப்பேறுகிற மாதிரி தெரிந்தால் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சூடும் குறையும், ஈரமும் வெளியேறும். நேரம் முடிந்ததும் அணைத்துவிட்டு, தட்டு உள்ளேயே முழுக்க ஆறட்டும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் அரை மணி நேரம் அதே சூட்டில்.

ஈரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். டிசம்பரில் செய்ய முடியும். மழை பெய்துகொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம். வெயில் தலைகாட்டுகிற நாளாகப் பார்த்து, காலை 10 மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். பக்கத்தில் குக்கர் வைக்காதீர்கள், வெந்நீர் கொதிக்க விடாதீர்கள். ஏசி அறை இருந்தால் பிழிவது, ஆறவைப்பது, டப்பாவில் அடைப்பது எல்லாம் அங்கேயே நடக்கட்டும். ஆறின உடனே இறுக்கமான டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, நமுத்துவிடும். ஒரு பெரிய டப்பாவை எல்லாரும் திறந்து திறந்து எடுப்பதைவிட, சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து வைப்பது நல்லது. அப்படி வைத்தால் ஒரு வாரம் முன்னாலேயே தாராளமாகச் செய்யலாம்.

பிள்ளைகளுக்கு நிறைய வேலை இருக்கிறது. 5 வயதுக்குச் சர்க்கரை சலிப்பதும், பட்டர் பேப்பரில் மூடியை வைத்து வட்டம் வரைவதும். அதற்கு மேல் இருப்பவர்கள் கரண்டிச் சர்க்கரையை எண்ணிப் போடலாம். எங்கள் வீட்டில் இதற்கு அடிதடியே நடக்கும். பிழிவது பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பெரிய பையனிடம் வெப்பமானியையும் கடிகாரத்தையும் ஒப்படையுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: பச்சை மாவை யாரும் நக்கக் கூடாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கும் ஆச்சி வயதுக்காரர்களுக்கும் அது ஆகாது. எத்தனை பேர் நின்றாலும் ஆளுக்கொரு வேலை இருப்பதால்தான் எனக்கு இந்தப் பலகாரம் இவ்வளவு பிடிக்கும். தனியாகச் செய்தால் இது வெறும் காத்திருப்பு.

கோவை கவுண்டம்பாளையம்:

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. ஓடிஜி இல்லாதவர்கள் குக்கரில் உப்பு பரப்பிச் செய்யலாமா? கேக் அப்படித்தான் செய்கிறேன்.

முத்துநகர்க்காரன்:

கேக்குக்குச் சரி. மக்ரூனுக்கு ஈரம் வெளியேற வழி வேண்டும், மூடின குக்கரில் அது உள்ளேயே சுற்றும். 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைப்பதும் கஷ்டம், அடி கருகிவிடும். ஓடிஜி வைத்திருக்கிற தோழி வீட்டுக்கு முந்திரியை அரைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.

வெள்ளவத்தைக்காரி:

வணக்கம் தங்கச்சி. உங்கள் மஞ்சட்கருவுக்கு நான் வழி சொல்கிறேன். இங்கே கொழும்பில் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், என்றால் லவ் கேக் இல்லாத வீடு குறைவு. அதற்கு வேண்டியதே மஞ்சட்கருவும் கஜுவும்தான், கஜு என்றால் உங்கள் முந்திரி. பறங்கியர் (இலங்கையில் வாழும் ஐரோப்பிய வழிவந்தவர்கள்) வீடுகளிலிருந்து எல்லாச் சனத்துக்கும் பரவிய கேக் இது. எங்கள் அம்மம்மா பக்கத்து வீட்டுப் பறங்கி அன்ரியிடம் கேட்டு எழுதிவைத்த தாளைப் பார்த்துத்தான் இன்றைக்கும் செய்கிறோம்.

இரண்டு தட்டு மக்ரூனுக்கு 6 மஞ்சட்கரு மிஞ்சும், கணக்குச் சரியாக வருகிறது. ரவை 125 கிராம், இலேசாக வறுத்தது. பட்டர் 100 கிராம், சீனி 225 கிராம், சின்னனாக வெட்டிய கஜு 125 கிராம். இதிலே கஜுவை அரைக்க வேண்டாம், கத்தியால் வெட்டினால்தான் நல்லது. பன்னீர் (ரோஸ் வாட்டர்) ஒரு மேசைக்கரண்டி, தேன் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய், கறுவா (பட்டை), சாதிக்காய்த் தூள் கொஞ்சம் கொஞ்சம், ஒரு தேசிக்காயின் (எலுமிச்சையின்) தோல் துருவல். இங்கே கடையில் விற்கும் பூசணி இனிப்பையும் வெட்டிப் போடுவோம். உங்களுக்கு ஆக்ரா பேட்டா கிடைக்கும் என்று நினைக்கிறேன், அதுவும் நீற்றுப்பூசணியில் செய்வதுதானே, ஒரு கைப்பிடி போடுங்கோ.

ரவையைச் சூட்டோடு பட்டரில் கலந்து வையுங்கோ, அது ஊற வேணும். மஞ்சட்கருவும் சீனியும் வெளிறி வரும்வரை அடித்து, ரவையைச் சேர்த்து, மற்றதெல்லாம் கடைசியில். தட்டுக்குள்ளே பேப்பர் இரண்டு மூன்று மடிப்பாகப் போடுங்கோ, இல்லாவிட்டால் சீனியும் தேனும் அடியில் பிடித்துவிடும். 150 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேலே நல்ல மண்ணிறம் வர வேணும், உள்ளே ஈரப்பிடிப்பாகவே இருக்கும். குச்சி குத்திப் பார்த்துச் சுத்தமாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப வைத்தால் காய்ந்துபோகும். ஆறினபிறகு சின்னச் சதுரமாக வெட்டுங்கோ, மிகவும் இனிப்பு. வெட்டின அன்றைக்கு இருப்பதைவிட இரண்டு மூன்று நாள் போனால் வாசம் இன்னும் ஏறும்.

பாளையங்கோட்டைக்காரி:

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. லவ் கேக் என்ற பெயரைக் கேட்டதும் பெரிய பிள்ளைகள் இப்போதே குதிக்கிறார்கள். இரண்டையும் செய்வது என்று முடிவாகிவிட்டது. ஒரே ஓடிஜியில் எதை முதலில் செய்வது? வெள்ளைக்கருவை ஒரு நாள் வைத்திருக்கலாமா?

முத்துநகர்க்காரன்:

லவ் கேக் முதலில். வெள்ளைக்கருவை மூடி போட்டு ஃபிரிட்ஜில் 2 நாள் வைக்கலாம், மஞ்சள் கரு அவ்வளவு நேரம் தாங்காது, காய்ந்து தோல் கட்டிவிடும். அதனால் முட்டையைப் பிரிக்கிற அன்றே கேக்கை முடித்துவிட்டு, மறுநாள் காலை மக்ரூனை ஆரம்பியுங்கள். மூன்று மூன்று வெள்ளைக்கருவாக இரண்டு டப்பாவில் பிரித்தே எடுத்து வையுங்கள். முதல் தட்டு ஓடிஜியை விட்டு வெளியே வந்தபிறகு அடுத்த மூன்றை அடித்தால் போதும், அடித்த நுரை காத்திருந்தால் தளர்ந்துவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியிருந்தால், கேக் வெளியே வந்ததும் ஓடிஜி கதவை 5 நிமிடம் முழுக்கத் திறந்து வையுங்கள். கேக்கின் ஆவி போக வேண்டும், சூடும் 150-லிருந்து 100-க்கு இறங்க வேண்டும். வெப்பமானியில் 100 தெரிந்தபிறகு மக்ரூன் தட்டை உள்ளே தள்ளுங்கள்.

வெள்ளவத்தைக்காரி:

அண்ணன் சொல்வது சரி. ஒன்று மட்டும் கூடச் சொல்கிறேன்: இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவிட வேண்டாம். லவ் கேக்கின் ஈரத்தை மக்ரூன் ஒரு இரவிலேயே இழுத்துவிடும். ஆட்களுக்குக் கொடுத்துவிடும்போதும் கேக் துண்டுகளைத் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றிக் கொடுங்கோ.